குடைக்கு மூன்று புள்ளி

மகனே,

இங்கே மாடுகள் சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. என் முழங்கால் மட்டும் சோழகக் காற்று தொடங்கிவிட்டது என்று முறைப்பாடு சொல்கிறது. கடித உறையைப் பார்த்ததும் இது யாருடைய கையெழுத்து என்று யோசித்திருப்பாய். உனக்குத் தெரிய வழியில்லை. நாற்பத்தைந்து வயதில் உன் அப்பாவின் கையெழுத்தை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறாய். கொஞ்சம் கோணல். சில எழுத்துகள் வரியை விட்டு இறங்கி மேயப் போயிருக்கும், பொறுத்துக்கொள். இதை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது, இந்த முதல் பக்கத்தைக் கடைசியில்தான் எழுதுகிறேன். காலையில் பால் கறந்து கொடுத்துவிட்டு வந்து ஒரு பக்கம் எழுதுவேன், அதற்குமேல் விரல் சொல்வழி கேட்காது. ஆகவே இதில் உள்ள ஒரு சொல்லும் கோபத்தில் வாய்தவறி வந்ததல்ல. ஒவ்வொன்றையும் பேனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை ஆறுதலாக வாசி. நீ போனில் என்னைச் செய்யச் சொன்னதை நான் செய்யமாட்டேன்.

அன்றைக்கு நீ கந்தோரிலிருந்து வந்த களைப்போடு போன் எடுத்திருப்பாய், எனக்கு விளங்கியது. என் பேத்தி துளசிக்கு ஐந்தாம் வகுப்பின் முதலாம் தவணைச் சோதனையில் "மழை நாள்" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை மூன்றே மூன்று வரி எழுதிப் பேனையை மூடிவிட்டது. பதினைந்துக்கு மூன்று புள்ளி. பெற்றோர் கையொப்பம் வாங்கிவரச் சொல்லித் தாளைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். நீ கையொப்பம் வைக்கவில்லை.

"உங்களாலதான் அப்பா" என்றாய். "மார்கழி லீவுக்கு வந்து நிண்டவள், உந்த யப்பான் விளையாட்டைப் பழகிக்கொண்டு வந்திட்டாள். புலமைப்பரிசில் சோதினை வருது. இனி உதுகளை அவளுக்குச் சொல்லாதேங்கோ. போனிலையும் வேண்டாம்."

"என்ன எழுதினவள்?"

"அதுவோ இப்ப முக்கியம்?"

"வாசி."

மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல நீ வாசித்தாய்:

மழை விட்டுவிட்டது
மேல்வீட்டுக்காரரின் குடை
எங்கள் படியில் இன்னும் பெய்கிறது

நான் சிரித்துவிட்டேன். உங்கள் கொழும்பு மாடிவீட்டின் படிக்கட்டில் நான் இரண்டு முறைதான் ஏறியிருக்கிறேன். அந்த ஈரப்படி, சாத்திவைத்த குடை, நடந்தவரின் செருப்புத் தடம் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. "வரிக்கு ஒரு புள்ளி குடுத்திருக்கினம், கணக்குச் சரிதானே" என்றேன். நீ சிரிக்கவில்லை. "ஆவணி லீவுக்கு அவள் அங்க வரமாட்டாள், ரியூசன் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தாய். நான் வழமைபோலக் கேட்டேன். "இண்டைக்கு என்ன பார்த்தனி, குஞ்சு?" வேறு நாளென்றால் ஏதாவது ஒன்று இருக்கும். லைற் சுவிச்சில் குந்தியிருந்த பல்லி, பேருந்தில் நித்திரை கொண்ட பொலிஸ்காரர். அன்றைக்கு அவள், "ஒண்டுமில்லை, அப்பப்பா" என்றாள். அந்தச் சொல்தான் என்னை இந்தக் கதிரையில் பிடித்து இருத்தி எழுத வைத்திருக்கிறது. அதை நான் முன்பும் பல தரம் இந்த ஊரில் கேட்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் அம்மா செத்தபிறகு நான் எழுத்துப் படிக்கப் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனேன் என்று நீ கேட்கவில்லை. சுருவில் ஊரிலிருந்து ஒரு ரீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பாட்டும் கதையும் நடத்துவார். நான் அவருக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலில் நின்று கேட்பேன். ஒருநாள் அவர் ஒரு மெல்லிய புத்தகத்தை விரித்து, இது யப்பான் நாட்டுக் கவிதை, ஹைக்கூ என்று பெயர் என்றார். பிள்ளைகள் குருவி கத்துவதுபோல "ஹைக்கூ, ஹைக்கூ" என்று கத்தின. மூன்று வரி. அவ்வளவுதான். ரீச்சர் வாசித்து முடித்தபோது நான், மிச்சம் எங்கே என்று பார்த்தேன். மிச்சம் இல்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது மிச்சம் என்னோடு கூட வந்தது. அடுத்த சனிக்கிழமை நான் உள்ளே போய்ப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் குந்திவிட்டேன்.

ஒருகாலத்தில் கிராம அதிகாரியாக இருந்த பழைய விதானையார் அங்கே பேப்பர் வாசிக்க வருகிறவர். அவருக்கு நல்ல விளையாட்டு ஒன்று கிடைத்தது. "என்ன காணும், இந்த வயசில பாலர் வகுப்போ?" என்றார்.

"ஓம் ஐயா. பாஸ் பண்ணினா வாற வருசம் முதலாம் வகுப்பு."

"அது சரி, யப்பான்காரன்ர கவிதை உமக்கு என்னத்துக்கு? எங்களிட்ட இல்லாத கவிதையோ?"

"இருக்கு ஐயா. ஆனா எல்லாம் நீளமாக் கிடக்கு. எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிக்க முந்தி நான் செத்துப்போவன்."

பகிடியாகச் சொன்னாலும் அது உண்மை. அப்போதெல்லாம் பேப்பரில் ஒரு செய்தியைத் தொடங்கினால் நடுவில் போகும்போது தொடக்கம் மறந்துவிடும். மூன்று வரியை என்னால் முடிக்க முடிந்தது. என் வாழ்க்கையில் முதன்முதலாக நான் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தனியே வாசித்து முடித்தது ஒரு யப்பான் கவிதை. வாசித்து முடித்தபோது தேத்தண்ணீர் ஆறக்கூட இல்லை. அந்தச் சந்தோசத்தில் நான் எழுந்து மாட்டுப் பட்டிக்குப் போய்ச் சிவலைப் பசுவுக்கு அதைச் சொன்னேன். அது காதை ஆட்டியது. அப்புறம் ஒரு மாதம் கழித்து நானே ஒன்று எழுதினேன். சிரிக்க விருப்பமானால் சிரி.

என் பெயரை எழுதி முடித்தேன்
அதன் மேல் வந்து குந்துகிறது
ஓர் இலையான்

விதானையார் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஈயை விரட்டுவதுபோலக் கையை ஆட்டிவிட்டு, "இலையான் எந்த எழுத்தில குந்தினது?" என்று கேட்டார். அன்றையிலிருந்து அவரும் சனிக்கிழமைகளில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காது கொடுக்கிறார்.

பிள்ளைகளுக்கு நான் எதையும் படிப்பிக்கிறேன் என்று நினைக்காதே. நான் அவர்களின் வகுப்பில் ஆகக் கடைசி மாணவன், பிழை விட்டால் எட்டு வயதுப் பிள்ளைகள் என் பேனையைப் பறித்துத் திருத்துவார்கள். ஒரேயொரு நாள்தான் எனக்கு முதலிடம் கிடைத்தது. யப்பான் கவிதையில் காலத்தைக் காட்டும் சொல் ஒன்று வரும், பனி என்றோ தவளை என்றோ, என்று ரீச்சர் சொன்னார். உடனே ஒரு பெடியன், "எங்களிட்டப் பனியும் இல்லை, ஒண்டும் இல்லை ரீச்சர். வெயிலும் மழையும்தான்" என்றான். நான் எழுந்து நின்றேன். ஒண்டுமில்லையோ? எங்களிடம் காற்று இருக்கிறதே. கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து மழை வரும். வாடை என்றால் குளிர், பட்டம் ஏற்றலாம், கடற்கரைக்குத் தூரத்துப் பறவைகள் வரும். சோழகம் என்றால் படகு ஆடும், புல் காயும், கண்ணுக்குள் மண் விழும். ஒரு காற்றின் பெயரைச் சொன்னால் மாதத்தைச் சொல்லத் தேவையில்லை, ஆடு மாடு நிற்கிற நிலைகூடக் கண்ணுக்கு முன்னால் வரும். ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "அப்பு, யப்பானும் எங்களைப் போலத் தீவுதான் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அவர்களும் காற்றைப் பார்த்து, படகைப் பார்த்து, வராததற்குக் காத்திருந்து பழகிய சனம். குறிகட்டுவானுக்குப் போகும் படகுக்காக எங்கள் இறங்குதுறையில் நிற்கிறவர்களைப் பற்றி மேரி என்ற சின்னப் பிள்ளை அன்றைக்கு எழுதியதைக் கேள்.

சோழகம், படகு வரவில்லை
அம்மா என் தலையில் தேடுகிறாள்
இல்லாத பேன்களை

இதற்கு எந்த நாட்டுக்காரன் புள்ளி குறைப்பான், சொல் பார்ப்போம்.

மார்கழியில் துளசியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீ அடுத்த படகிலேயே திரும்பிப் போனாய். அவள் வந்ததும் சொன்ன முதல் கதை பூநாரைகளைப் பற்றியது. மண்டைதீவுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் நூறு பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றனவாம். "மற்றக் காலை எங்க வைச்சதுகள்?" என்று உன்னைக் கேட்டாளாம். நீ போனைப் பார்த்துக்கொண்டே, "பிறகு தேடிப் பார்ப்பம்" என்றாயாம். என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலில் முற்றத்தில் நின்று பார்த்தோம். நான் விழுந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவு நாய் குரைத்தது.

அதிலிருந்துதான் எங்கள் விளையாட்டு தொடங்கியது. காலையில் எழுந்து இருவரும் ஒரு பக்கமாக நடப்போம். ஒன்றையாவது நின்று பார்க்கவேண்டும், பார்த்ததை மூன்று வரியில் சொல்லவேண்டும். "அழகு" என்ற சொல்லைச் சொன்னால் தண்டம், கன்றுக்குட்டியின் தொட்டிக்கு ஒரு வாளி தண்ணீர். முதல் நாள் அவள் பதினொரு வாளி இறைத்தாள். "அழகான கடல், அழகான கன்று, அழகான வானம்." நானும் இரண்டு வாளி இறைத்தேன். நாலாம் நாள் தொட்டி காய்ந்து கிடந்தது. அழகு என்று சொல்ல முடியாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? குனிந்து பார்க்கும். கன்றின் மூக்கில் ஒட்டிய வைக்கோலைப் பார்க்கும். மதிற்கல்லுக்குள் இருந்த சிப்பியைப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, இந்த மதில் முந்திக் கடலுக்குள்ள இருந்ததோ?" என்று கேட்கும். எங்கள் வளவு மதில் கடற்கல்தான். நான் எழுபது வருடம் அதில் சாய்ந்து இருந்தவன், அந்தச் சிப்பியைக் கண்டதில்லை.

உனக்கு நான் ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். பிள்ளையோடு சேர்ந்து ஒரு கவிதையை வாசி, வாசித்து முடிந்ததும் வாயை மூடு. இதன் கருத்து என்ன என்று கேட்காதே. கேட்டால் கவிதை ஓடிவிடும், பிள்ளையும் ஓடிவிடும். இன்னொரு தரம் வாசி. பிறகு பிள்ளை தானாக ஏதாவது சொல்லும், சம்பந்தமில்லாததாகக்கூட இருக்கும், திருத்தாதே. நீ பார்த்த ஒன்றைச் சொல். உண்மையாகப் பார்த்ததாக இருக்கவேண்டும், அவர்கள் கள்ளத்தை உடனே பிடித்துவிடுவார்கள். இதற்கு ஒரு நாளில் ஐந்து நிமிடம் போதும். உங்கள் படியிலிருந்து ரியூசன் வகுப்பு வாசல்வரை நடக்கிற நேரம்.

நான் சோதனைக்கு எதிரி இல்லை. துளசி நல்லாய் எழுதட்டும், கட்டுரை கேட்டால் கட்டுரை எழுதப் பழகட்டும், அதையும் அவளுக்கு நான் சொல்வேன். ஆனால் குடை பெய்கிறதைக் கண்ட பிள்ளைக்கு, நீ அதைக் கண்டிருக்கக்கூடாது என்று சொல்லச் சொன்னால் மாட்டேன். ஊர் சிரிக்கும் என்றும் அன்றைக்குச் சொன்னாய். சிரிக்கட்டும், பாதிப் பேர் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள். ஆவணிக்கு அவளை அனுப்பாவிட்டால் கிழமைக்கு ஒரு தபாலட்டை அவள் பெயருக்கு வரும். மூன்று வரிக்கு அந்த இடம் தாராளம். நீ கிழித்துப் போடலாம். கிழிப்பது எப்படி என்று உனக்குக் காட்டித் தந்தவன் நான்தான்.

ஓம், இனி அதைச் சொல்லவேண்டும். இந்தப் பகுதியை எழுதத் தொடங்க மட்டும் மூன்று நாள் எடுத்தது.

உனக்கு அப்போது ஒன்பது வயது. "எனது வீடு" என்று கட்டுரை எழுதச் சொன்னார் உன் வாத்தியார். நீயும் மூன்று வரிதான் எழுதினாய். யப்பானைப் பற்றி உனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. எழுதிய அன்றே குசினி வாசலில் நின்று அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினாய். அவ கையில் அரிவாளோடு நின்று சிரித்தா. நான் வெளியே கன்றைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் காதிலும் விழுந்தது. அடுத்த நாள் நீ கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாய். கீழே சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. "என்ன எழுதியிருக்கு, வாசி" என்றேன். "இது கட்டுரை அல்ல. தந்தையின் கையொப்பம் தேவை" என்று வாசித்தாய்.

நான் பேப்பர் வாசிக்கிற ஆள் என்றுதான் நீ அப்போது நம்பியிருந்தாய். தேத்தண்ணீர்க் கடையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருப்பேன். படத்தைப் பார்த்துத் தலைகீழாகப் பிடிக்காமல் கவனமாக இருப்பேன். மற்றவர்கள் கதைப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து உனக்குச் செய்தி சொல்வேன். நீ பள்ளிக்கூடத்தில், எங்கட அப்பா எல்லாம் வாசிப்பார் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாய். பெருவிரலை மையில் தோய்த்து அந்தக் கொப்பியில் வைத்தால் வகுப்பு முழுவதும் பார்க்கும். உன் முகத்தை நான் பார்க்கவேண்டி வரும். அதற்குப் பயந்துபோய்த்தான், "பள்ளிக்கூடத்துக்கு விடுறது உந்த விசர்க்கதை எழுதவோ?" என்று கத்தி அந்தத் தாளைக் கிழித்தேன். நானே கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. அவவுக்குத் தெரியும்.

பிறகு நீ புலமைப்பரிசில் பாஸ் பண்ணினாய், விடுதியில் சேர்ந்தாய். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. படகு ஓடாத மாதங்கள் போக, ஓடுகிற மாதங்களில் லீவுக்கு வருவாய். இறங்குதுறையிலிருந்து உன் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு முறையும் கேட்பேன். "வழியில என்ன பார்த்தனி, தம்பி?" நீ ஒவ்வொரு முறையும் சொல்வாய். "ஒண்டுமில்லை, அப்பா."

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது பிற்காலத்தில் உனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளோடு நீ அதைச் சேர்த்துப் பார்த்திருக்கமாட்டாய். உன் மூன்று வரியை நான் வெறுத்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை மகனே. எனக்கு அந்த வரிகளில் ஒரு கோபமும் இல்லை. அவற்றுக்குக் கீழே எனக்காக விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

எழுதத் தெரியாதவனுக்குக் காதுதான் கொப்பி. நீ மறந்திருப்பாய், அடுப்பும் மறந்துவிட்டது, நான் மறக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக என் காதில் இருந்ததை இன்றைக்குத்தான் தாளில் இறக்கி வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்து.

சோழகம் வந்துவிட்டது
கொடியில் அம்மாவின் சேலை
கடலுக்குப் போகப் பார்க்கிறது

அவவின் ஒரு படம்கூட இந்த வீட்டில் சரியாக இல்லை என்று நீ போன வருடம் கவலைப்பட்டாய். இருக்கிறது, பார். நீ ஒன்பது வயதில் எடுத்தது.

இதற்குக் கீழே தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று உன் வாத்தியார் கேட்டிருந்தார். வைத்திருக்கிறேன். இந்தத் தாளின் அடியில், மூன்று தரம் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, மையில், முழுப் பெயராக. துளசியின் தாள் இன்னும் உன் மேசையில் கிடக்கும். அதில் கையொப்பம் வைத்துக் கொடு. உனக்குக் கை கூசினால் அதை இங்கே தபாலில் அனுப்பிவிடு. எனக்கு இப்போது கையொப்பம் வைக்கத் தெரியும்.

அப்பா
(கையொப்பம்)
நெடுந்தீவு